போர்டிங்கைப் புகழ்ந்த நாள்

1

திண்டிவனத்திலிருந்து துரைராஜ் கடிதம் போட்டிருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே விடுதியில், பக்கத்துப் பாயில் படுத்துப் படித்தவன். இப்போது பழைய மாணவர் சங்கத்துக்குச் செயலாளர். விடுதிக்கு ஆண்டு விழா வருகிறதாம், மலர் போடுகிறார்களாம், கடல் கடந்து போனவன் என்ற முறையில் நானும் இரண்டு பக்கம் எழுதியே ஆக வேண்டுமாம். எனக்கு வீண் சிரமம் எதற்கு என்று தலைப்பையும் அவனே கொடுத்துவிட்டான்: ‘போர்டிங் எனக்குத் தந்தது’.

விடுதி என்று இப்போது எழுதுகிறேனே தவிர, ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போர்டிங்தான். ‘அவன் புள்ள போர்டிங்குல படிச்சிக்கினு இருக்கான்’ என்று சேரியில் பேச்சு வந்தால் அந்தக் குடும்பத்துக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

கடிதத்தின் கடைசியில் துரைராஜ் ஒரு வரி சேர்த்திருந்தான். “நீ ரிசர்வேஷனில் வேலை பார்ப்பதாகப் போன முறை எழுதியிருந்தாய். அமெரிக்காவிலும் நம்மவர்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு என்று அறிந்து சங்கத்தில் அனைவருக்கும் மகிழ்ச்சி.” நானும் ரூபியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ரூபி என் மனைவி. சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இங்கே ரிசர்வேஷன் என்றால் வேலையும் இல்லை, ரயில் டிக்கெட்டும் இல்லை. லக்கோட்டா என்ற ஆதிகுடி மக்களிடமிருந்து வெள்ளைக்காரர்கள் நாட்டையே எடுத்துக்கொண்ட பிறகு, இதற்குள் இருந்துகொள்ளுங்கள் என்று கோடு போட்டு ஒதுக்கிய நிலம். ஒலக்கூர்ப் பக்கத்தில், ஊரை விட்டுத் தள்ளி ஒதுக்கிவைத்த சேரியில் பிறந்த எனக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலருக்கு எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முதல் வரி தடையில்லாமல் வருகிறது: ‘போர்டிங்தான் என்னை மனிதனாக்கியது.’ அதற்கு மேல் பேனா நகரவில்லை. இதே வரியை இங்கே ஒரு வகுப்பில் வாய் நிறையச் சொல்லி, ஒரு பெண்மணியின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தவன் நான். அந்தக் கதையைச் சொல்லாமல் அந்த வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பக்கம் போதாது, துரைராஜ். பொறுத்துக்கொள்.

2

எங்களை இந்தப் புல்வெளிக்குக் கொண்டுவந்தது ரூபியின் வேலை. அவள் நர்ஸ். இங்குள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆள் கேட்டார்கள், அவளுக்குக் கிடைத்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன். அதற்கு முன் வேறொரு ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். தெற்கு டகோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் கண்ணுக்கு எட்டியவரை புல், அதற்கு மேல் வானம், நடுவில் ஓயாத காற்று. முதல் வாரம் முழுக்க, இங்கே மனிதர்கள் எங்கேதான் இருக்கிறார்கள் என்று ரூபியை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

மனிதர்கள் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தார்கள். லக்கோட்டா மக்கள் தாங்களே தொடங்கி, தாங்களே நடத்தும் கல்லூரி. கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சக்கரம் கழற்றிய வண்டி வீடுகள் நாலைந்து. அதில் ஒன்றில்தான் எனக்கு நேர்காணல். டீன் ஒரு பெண்மணி. எதற்கும் அவசரப்படாதவர். என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, “உங்கள் சொந்தக்காரர்கள் யார்?” என்று கேட்டார்.

 நான் கடல் தாண்டி வந்ததே இந்தக் கேள்வி இனி என் காதில் விழக் கூடாது என்றுதான். “யாரு ஊட்டுப் புள்ள நீ? எந்தப் பக்கம்?” என்று டீக்கடையில் ஆரம்பிப்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி டம்ளர் போய்த் தகர டம்ளர் வந்துவிடும். அறுபதுகளில் விழுப்புரத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது, வாடகைக்கு அறை கேட்டுப் போன இடத்திலெல்லாம் இதே கேள்வி. அதனால் டீனிடம் எம்.எஸ்ஸி. எங்கே படித்தேன் என்பதைத் திரும்பச் சொன்னேன். அவர் காத்திருந்தார். இந்த மக்களுக்கு மௌனம் பழக்கம், எனக்கு அது ஆகாது. ஒரு நிமிஷம் தாங்கியிருப்பேன். அப்புறம் அப்பா பெயர், அம்மா பெயர், ஒலக்கூர், சேரி, அப்பா இன்னொருவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் தலையசைத்தார். “நல்லது. இப்போதுதான் உங்களை எங்களுக்குள் எங்கே வைப்பது என்று யோசிக்க முடியும்” என்றார். அந்த மக்களிடம் ஒரு மனிதன் என்றால் யாருக்காவது அண்ணன், யாருக்காவது பிள்ளை, யாருக்காவது மாமன். உறவு சொல்லாதவனை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. வெளியே தள்ளுவதற்காகவே நான் கேட்டுப் பழகிய கேள்வியை, உள்ளே சேர்ப்பதற்காக ஒருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீடு திரும்பும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வேலை கிடைத்தது. பொதுக் கல்வியில் கணக்கு. அதாவது, நர்ஸ் படிப்போ கணக்கர் படிப்போ எது படித்தாலும் எல்லோரும் படித்தாக வேண்டிய பாடங்களில் ஒன்று. மற்ற கல்லூரிகளிலும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. இங்கே அந்தப் பட்டியலுக்கு அடியில் ஒரு அஸ்திவாரம் இருந்தது. தாராளம், துணிவு, பொறுமை, விவேகம் என்று லக்கோட்டா மக்கள் பெரிதாக மதிக்கும் குணங்கள் நான்கு. எந்தப் பாடமாக இருந்தாலும் இவற்றில் ஒன்றையாவது வளர்க்க வேண்டும். படித்து முடித்தவன் முன்னைவிட நல்ல உறவினனாக வீடு திரும்ப வேண்டும். கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இதைப் போட்டிருந்தார்கள். படிப்பு எதற்கு என்று திண்டிவனத்தில் எங்களை யாராவது கேட்டிருந்தால், சேரியை விட்டு வெளியே போக என்று ஒரே குரலில் சொல்லியிருப்போம். வீடு திரும்பத்தான் படிப்பு என்று ஒரு கல்லூரி சொல்லி நான் கேட்டதில்லை. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது.

படித்தேன், புரிந்ததா என்றால் அதுதான் இல்லை. பாடத்திட்டப் படிவத்தில் ‘இப்பாடத்தின் மதிப்புகள்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கணக்கு வாத்தியார் புத்தி எங்கே போகும்? ‘எல்லா மெய்யெண்களும், சில இடங்களில் பூஜ்யம் தவிர’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். டீன் அதை அறிவிப்புப் பலகையில் ஒரு மாதம் குத்தி வைத்திருந்தார்.

3

முதல் வகுப்பு ஒரு வியாழக்கிழமை மாலை. வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம். பன்னிரண்டு பேர், பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். வேலையை முடித்துவிட்டு வெகுதூரம் வண்டி ஓட்டி வந்தவர்கள். இங்கே முறை என்னவென்றால், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தாங்கள் யார் என்று சொல்ல வேண்டும், வாத்தியார் உட்பட. டீன் ஒருமுறை கேட்டு எனக்குத் தைரியம் வந்திருந்தது அல்லவா, நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன்.

“நான் போர்டிங் ஸ்கூலில் வளர்ந்தவன். போர்டிங்தான் என்னை மனிதனாக்கியது. போன அன்றைக்கே தலையை மொட்டையடித்தார்கள், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், புது டவுசர் கொடுத்தார்கள். என்னை ராஜா மாதிரி உணரவைத்தார்கள். உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஒரு போர்டிங் கிடைக்க வேண்டும் என்பேன்.”

  எனக்கு எதிரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நரைத்த பின்னல் இடுப்பு வரை தொங்கியது. பெயர் டெல்மா. சத்தமில்லாமல் நோட்டை மூடினார். பென்சிலைப் பையில் போட்டார். எழுந்து போய்விட்டார். வெளியே அவர் வண்டி கிளம்பும் ஓசை கேட்டது. நானோ, பாவம், ஏதோ அவசரம் போல என்று நினைத்துக்கொண்டு பின்னங்களை நடத்த ஆரம்பித்தேன்.

அடுத்த வியாழக்கிழமையும் அவர் வரவில்லை. டீன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இந்த மண்ணில் போர்டிங் ஸ்கூல் என்றால், வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வைத்த இடம். போன அன்றைக்கே முடியை வெட்டுவார்கள். இவர்களுக்கோ வீட்டில் யாராவது செத்தால்தான் முடியை வெட்டுவது வழக்கம். அதனால் பிள்ளைகள் அம்மா செத்துவிட்டாள் என்று நினைத்து அழுவார்கள். சொந்த மொழியில் ஒரு வார்த்தை பேசினால் வாயில் சோப்பைத் திணிப்பார்கள். டெல்மா அப்படி ஒன்றில் ஒன்பது வருஷம் இருந்தவர். நான் திண்டிவனத்தில் இருந்த அதே வருஷங்கள்.

இன்னொன்றும் சொன்னார். டெல்மா ஆரம்பப் பள்ளியில் உதவி ஆசிரியை. சின்னக் குழந்தைகளுக்கு லக்கோட்டா மொழியிலேயே ஒரு வகுப்பு தொடங்கப் போகிறார்கள், அதை நடத்த அந்தப் பள்ளியில் மொழி நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் பட்டம் இல்லாதவரிடம் வகுப்பை ஒப்படைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. எல்லாப் பாடமும் முடித்துவிட்டார், கணக்கு மட்டும் பாக்கி. ஏற்கெனவே இரண்டு தடவை சேர்ந்து பாதியில் விட்டுவிட்டார். மூன்று வகுப்புக்கு வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது கல்லூரி விதி. பாதியில் எழுந்து போன முதல் நாளையும் சேர்த்தால் அடுத்த வியாழன் மூன்றாவது. அவர் வராவிட்டால் அந்த வகுப்பு தொடங்காது, குழந்தைகள் இங்கிலீஷிலேயே வளர்ந்துவிடும்.

“மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா?” என்றேன்.

“வாக்குறுதி எழுதிய காகிதம் எங்களுக்கு ஏற்கெனவே நிறைய வந்திருக்கிறது” என்றார் டீன்.

4

எனக்கு வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நேர்ந்தது கொடுமைதான், சரி. அதற்காக என் போர்டிங்கை நான் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஐம்பதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது வாசலுக்கு வெளியே. கரும்பலகையில் பாதிதான் தெரியும். அப்பா என்னைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிய அன்று நிலக்காரர் வரப்பில் நின்று மறித்தார்.

“எங்கடா புள்ளய இட்டுக்கினு போறே? மல்லாட்டை புடுங்க யாரு வர்றது?”

“திண்டிவனத்துல போர்டிங்குல சேக்கப் போறேனுங்க சாமி. நாளைக்கி நான் ஜல்தியா வந்துடறேனுங்க” என்றார் அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. நிலக்காரரின் பேரனுக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் நின்று அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “டேய், மாட்டப் புடிச்சிக் கட்டிட்டுப் போடா” என்றான். அப்பா போய்க் கட்டிவிட்டு வந்தார்.

அந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து போர்டிங்குக்குப் போனவன் நான். அங்கே எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். தட்டில் போட்டவர் எட்ட நின்று வீசவில்லை. அந்த முதல் வேளைச் சோறு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று நாள் காரில் போகும்போதும் வரும்போதும் இதையெல்லாம் டெல்மாவிடம் வாதாடிக்கொண்டே ஓட்டினேன். நாலாம் நாள் அவர் வேலை பார்க்கும் பள்ளிக்கே நேரில் போய்விட்டேன்.

5

பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்த மத்தியான நேரம். வகுப்பறையில் டெல்மா ஈரத்துணியால் குட்டி மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றபடியே மூச்சுவிடாமல் மன்னிப்புக் கேட்டேன்.  அவர் இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து என் கையில் கொடுத்தார். இரண்டு பேருமாகப் பத்து மேசை துடைத்தோம். எனக்கோ வாய் அரிக்கிறது. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு வாக்கியம் தயார் செய்து விழுங்கினேன்.

கடைசி மேசையில் ஒரு பிள்ளை குடிக்காமல் விட்ட பால் இருந்தது. டெல்மா அதை எடுத்துக் கொட்டிக்கொண்டே முதன்முதலாகப் பேசினார். அவர் பேசியது இங்கிலீஷ். ஆனால் என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் இறங்கியது, அப்படியே எழுதுகிறேன்.

“எங்களுக்கு பால் பவுடர்தான். கரையவே கரையாது. கட்டி கட்டியா தொண்டையில மாட்டிக்கும்.”

“எங்களுக்கும் அதான்!” என்றேன். “இங்கேர்ந்துதான் வந்துச்சு. மூட்டை மேல ரெண்டு கை சேந்தாப்ல படம் போட்டிருக்கும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்துவிட்டார். குட்டி நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். அவர் தன் கதையைச் சொன்னார். முடி, சோப்பு, எல்லாம். லீவில் வீட்டுக்குப் போனால் அம்மா லக்கோட்டாவில் பேசுவாராம், இவர் வாயைத் திறக்க மாட்டாராம். “பேசலாம்னு நெனப்பேன். உடனே வாயில சோப்பு ருசி வந்துடும். ஒரு வருஷம் எங்கம்மாவுக்கு நான் பதிலே சொல்லல.” அப்புறம் கேட்டார்: “உங்க போர்டிங்குல எந்த பாஷையில பேசுனீங்க?”

“தமிழ்லதான். எங்க பாஷைய யாரும் புடுங்கல” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“உங்க அப்பா பேசற தமிழா?”

 அப்பா பேசுகிற தமிழ் போர்டிங்கில் செல்லாது. ‘போய்க்கினு’ என்று சொன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். ‘மல்லாட்டை’ என்றால் வகுப்பே சிரிக்கும், ‘நிலக்கடலை’ என்று பத்துத் தடவை எழுத வேண்டும். எழுதினேன். முதல் லீவில் வீட்டுக்குப் போய், “நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று அம்மாவிடம் சொன்னபோது அப்பா பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில்தான் அது ஆரம்பித்தது. எட்டாம் வகுப்பு லீவில் அப்பா, “வா, போ” என்பதை நிறுத்திவிட்டார். “வாங்க தம்பி. சாப்டுங்க தம்பி.”

டெல்மாவுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. எங்கள் மொழியில் பெரிய மனிதர்களிடம் பேசும்போது வார்த்தைக்குக் கடைசியில் ‘ங்க’ என்று ஒரு வால் சேர்ப்போம், என் அப்பா அதை என்னிடம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார் என்றேன். சொல்லும்போதே விழுப்புரம் நினைவுக்கு வந்துவிட்டது. அதை ரூபியிடம்கூட நான் சொன்னதில்லை.

நான் வாத்தியார் வேலைக்குப் போன புதிது. ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஒலக்கூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்தார். தலையில் மல்லாட்டை மூட்டை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, வாசலுக்கு வெளியே நின்று கேட்டார்.

“உள்ள வரலாங்களா தம்பி?”

“வாருங்கள் அப்பா” என்றேன். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. “இருக்கட்டுங்க. நான் கீயவே குந்திக்கறேங்க. நீங்க படிச்சவரு, எனக்கு இன்னாங்க தெரியும்” என்று சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். வரப்பில் நிலக்காரருக்குப் போட்ட அதே ‘ங்க’. எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. உறைக்காதது மட்டுமா, வீட்டுக்காரர் பார்க்கிறாரே, அப்பா இப்படி மரியாதையாகப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் பெருமை. சாயங்கால வண்டிக்கு அவரே கிளம்பிப் போய்விட்டார். “அப்பா, என்ன வாடான்னு கூப்புடு” என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொல்லும் தமிழ் அதற்குள் என் வாயில் இல்லை.

“அப்பறம் உங்கப்பா பழைய மாதிரி பேசினாரா?” என்று டெல்மா கேட்டார்.

“இல்ல. சாகற வரைக்கும் ‘ங்க’தான்.”

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. பத்து நிமிஷமாவது இருக்கும். என் ஆயுளில் நான் பேசாமல் இருந்த அதிகபட்ச நேரம் அதுதான், பேசவும் தோன்றவில்லை. அப்புறம் டெல்மா எழுந்து துணிகளை அலசிக் காயப்போட்டார்.

“வியாழக்கிழமை கிளாஸு எத்தினி மணிக்கு?” என்று கேட்டார்.

6

வந்தார். வந்த உடனே எல்லார் முன்னாலும், “நீங்க எந்த வருஷம், எந்த மாசம் பொறந்தீங்க?” என்று கேட்டார். ஏதோ படிவத்துக்குத்தான் என்று நினைத்துச் சொன்னேன். நான் அவருக்கு எட்டு மாதம் மூத்தவனாம். அப்படியானால் நான் அண்ணன், அவர் என் தங்கை. இனி அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். லக்கோட்டா மொழியில் ஒரு ஆண் தன் தங்கையை எப்படிக் கூப்பிடுவான் தெரியுமா, துரைராஜ்? ‘தங்க்ஷி’. கேட்டதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எங்க பாஷையிலும் தங்கச்சிதான் என்று கத்தினேன். மொழி ஆராய்ச்சிக்காரர்கள் இதெல்லாம் தற்செயல் என்பார்கள், இருக்கட்டும்.  டெல்மா அசரவே இல்லை. “அப்போ உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான்” என்றார்.

தெரிந்ததுதானே என்று நான் அடுத்த வாரமே கெட்டிக்காரத்தனமாகத் ‘தங்கே’ என்று கூப்பிட்டு வைத்தேன். தங்கை என்றால் இன்னும் மரியாதை என்று நினைப்பு. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் மொழியில் ‘தங்கே’ என்றால் அக்கா. ஒரே எழுத்தில் டெல்மாவுக்கு வயதைக் கூட்டிவிட்டேன்.

கணக்கு அவருக்கு எளிதாக வரவில்லை. பன்னிரண்டு பங்கு இறைச்சியை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு என்று போடுவேன். “அந்த நாலு பேரு யாரு?” என்பார். யாராக இருந்தால் என்ன, ஆளுக்கு மூன்றுதானே? “வேட்டைக்குப் போக ஆள் இல்லாத வீடு இருந்தா அவங்களுக்குத்தான் மொதல்ல. அப்பறம்தான் மீதி” என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு கணக்கை முடித்தவர் சும்மா உட்கார மாட்டார், முடிக்காதவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். முதலில் காப்பி அடிக்கிறார்கள் என்று அதட்டினேன். கடைசி ஆளும் முடிக்கும்வரை யாரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பவில்லை என்பதைக் கவனித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். என் பாடத்தின் மதிப்புகள் என்னவென்று அந்தக் கட்டத்தில் எழுத அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. புதுப் படிவம் வாங்கி எழுதிக் கொடுத்தேன்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கிரேஸ் தொலைபேசியில் கூப்பிடுவாள். சிகாகோவில் வேலை. எல்லாம் இங்கிலீஷ்தான், அதில் நீயும் கிடையாது நீங்களும் கிடையாது. ஒருநாள் வேண்டுமென்றே அவளிடம், “இன்னாம்மா, சாப்ட்டியா? இன்னா பண்ணிக்கினு இருக்கே?” என்று கேட்டேன். அவள் சிரித்து, எப்போதோ வீட்டில் கற்ற ஓட்டைத் தமிழைத் தேடிப் பிடித்து, “அப்பா, நீ ஏன் ஒரு மாதிரி பேசறே?” என்றாள். பக்கத்தில் காதை ஒட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ரூபி, நீங்க என்று சொல்லச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள். நான் கையைக் காட்டி அவளை அடக்கினேன்.

டெல்மா கணக்கில் தேறினார். அதிகமில்லை, தேறுவதற்கு வேண்டியதைவிட நாலு மதிப்பெண் கூட. தாளை வாங்கி இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். விடவே இல்லை.

7

அந்த இலையுதிர் காலத்தில் குழந்தைகளின் லக்கோட்டா வகுப்பு தொடங்கியது. ஒரு நாள் டெல்மா என்னை வரச் சொன்னார். போனேன். பதினான்கு குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், என்னையும் உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரையும் அம்மா அப்பா பெயரையும் லக்கோட்டாவில் சொன்னது. திக்கித் திக்கித்தான் சொன்னார்கள், ஆனால் பயமில்லாமல் சொன்னார்கள். டெல்மா எதையும் திருத்தவில்லை. தன் தொண்டைக்குள் ஒரு வருஷம் அடைத்துக்கொண்ட மொழியைப் பதினான்கு வாய் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்காக அதை இங்கிலீஷிலும் சொன்னார். இந்த அறையில் நான் உங்களுக்கு அம்மா மாதிரி, இவர் எனக்கு அண்ணன், அப்படியென்றால் உங்களுக்கு என்ன வேண்டும்?

“லெக்ஷீ!” என்று பதினான்கு பேரும் கத்தினார்கள். லெக்ஷீ என்றால் அம்மாவோடு பிறந்தவன். அப்பாவோடு பிறந்தவனுக்கு அவர்களிடம் வேறு சொல், நம்மைப் போலவே. அங்கிள் இல்லை, சார் இல்லை. நான் தாய்மாமன்.

முன்பற்கள் விழுந்த ஒரு சின்னப் பெண் வட்டத்திலிருந்து எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் பிறந்த ஊரில் நிலக்காரர் வீட்டுக் குழந்தை தடுக்கி விழுந்தால்கூட அப்பா தொட்டுத் தூக்க முடியாது. தள்ளி நின்று சத்தம் போட்டு அந்த வீட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, இரண்டு பக்கமும் தூக்கியபடியே வைத்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துத் தன்னைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, தலையை என் நெஞ்சில் சாய்த்து, அண்ணாந்து பார்த்தாள்.

“லெக்ஷீ, கதை சொல்லு.”